கொழுப்பு வேறு, தழும்பு வேறு

கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்றான ஹெபடைடிஸ் சி பற்றி வந்த கடிதங்களில் ஒரே குழப்பம் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. வைரஸ், கல்லீரலில் சேரும் கொழுப்பு, கல்லீரல் கெட்டியாகி விழும் தழும்பு ஆகிய மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, பயப்பட வேண்டாததற்குப் பயந்து, கவனிக்க வேண்டியதை விட்டுவிடுகிறார்கள். அதனால் இந்த இதழின் பக்கங்களை இந்த ஒரு விஷயத்துக்கே ஒதுக்கி, எங்கள் கல்லீரல் மருத்துவக் குழு பதில் அளிக்கிறது.

*என் அண்ணனுக்கு 44 வயது. ஒல்லியான உடம்பு, எடை 58 கிலோதான். குடிப்பழக்கம் இல்லை, சர்க்கரையும் இல்லை. ஹெபடைடிஸ் சி இருப்பது சமீபத்தில்தான் தெரிந்தது. ஸ்கேனில் 'கிரேடு 2 ஃபேட்டி லிவர்' என்று வந்திருக்கிறது. ஆனால் ரத்தத்தில் மொத்தக் கொலஸ்ட்ரால் 128தான். ரத்தத்தில் இல்லாத கொழுப்பு கல்லீரலுக்கு எங்கிருந்து வந்தது?*

நீங்கள் எழுதியிருக்கும் அந்த 128-இலேயே பாதிப் பதில் இருக்கிறது. கல்லீரல் செல், தன்னிடம் சேரும் கொழுப்பைப் புரதத்தோடு சேர்த்துச் சிறு பொட்டலங்களாகக் கட்டி ரத்தத்துக்கு அனுப்பும். விஎல்டிஎல் என்று பரிசோதனை அறிக்கைகளில் பார்ப்பீர்களே, அந்தப் பொட்டலம்தான் அது. ஹெபடைடிஸ் சி வைரஸ் பெருகுவதற்கே கொழுப்பு வேண்டும். செல்லுக்குள் இருக்கும் கொழுப்புத் துளிகளின் மேல் வைரஸின் கோர் புரதம் போய் ஒட்டிக்கொள்கிறது. புது வைரஸ் துகள்கள் உருவாவதும் அந்தத் துளிகளை ஒட்டித்தான். இதனால் மூன்று கோளாறுகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. செல் வழக்கத்தைவிட அதிகமாகக் கொழுப்பைத் தயாரிக்கிறது. இருக்கும் கொழுப்பை எரிப்பது மந்தமாகிறது. பொட்டலம் கட்டும் வேலையைச் செய்யும் எம்டிபி என்ற புரதம் முடங்குவதால், உள்ளே சேர்ந்தது வெளியே போக முடியாமல் தங்கிவிடுகிறது. கல்லீரலில் கொழுப்பு ஏறிக்கொண்டே போக, ரத்தத்தில் கொலஸ்ட்ரால் குறைவாகவே இருக்கும்.

இந்தக் கோளாறு மிகத் தீவிரமாக நடப்பது ஜீனோடைப் 3 என்ற வைரஸ் வகையில். ஒல்லியான உடம்பு, சர்க்கரை இல்லை, குடி இல்லை, கொலஸ்ட்ரால் குறைவு, கல்லீரலில் மட்டும் கொழுப்பு என்று வந்தால் எங்கள் மனதில் முதலில் ஓடுவது அந்த வகைதான். இப்போதைய மாத்திரைகள் எல்லா ஜீனோடைப்புக்கும் வேலை செய்வதால் பல இடங்களில் இந்தப் பரிசோதனையைத் தவிர்த்துவிடுகிறார்கள். உங்கள் அண்ணனைப் போன்றவர்களுக்கு அதைப் பார்த்துவிடுவது நல்லது என்பது எங்கள் கருத்து. காரணம், ஜீனோடைப் 3-இல் வரும் கொழுப்பு பெரும்பாலும் வைரஸ் சேர்த்தது. வைரஸின் அளவு கூடினால் அதுவும் கூடும், வைரஸ் ஒழிந்தால் சில மாதங்களில் கரையும். ஜீனோடைப் 1 போன்ற மற்ற வகைகளில் தொப்பை, இன்சுலின் சரியாக வேலை செய்யாமை, சர்க்கரை ஆகியவற்றால் சேரும் கொழுப்பே அதிகம். அது வைரஸ் போனாலும் தானாகப் போகாது.

அதற்கு முன் இரண்டு விஷயங்களை உறுதி செய்துகொள்ளுங்கள். ஒன்று, அண்ணனுக்கு வந்த 'பாசிட்டிவ்' ஆன்டிபாடி (வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் புரதம்) பரிசோதனையா, ஆர்என்ஏ (வைரஸையே தேடும்) பரிசோதனையா? தொற்று வந்தவர்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்துக்குள் வைரஸ் தானாகவே நீங்கிவிடும். அவர்களுக்கும் ஆன்டிபாடி ஆயுள் முழுக்கப் பாசிட்டிவாகத்தான் இருக்கும். ஆர்என்ஏ இருந்தால்தான் இன்று வைரஸ் இருக்கிறது என்று பொருள். இரண்டு, அவர் சாப்பிடும் மருந்துகளின் பட்டியல். ஸ்டீராய்டு, மெத்தோட்ரெக்சேட், டமாக்சிஃபென், அமியோடரோன், வால்ப்ரோயேட் ஆகியவையும் கல்லீரலில் கொழுப்பைச் சேர்க்கும்.

*கிரேடு 2 என்றால் கல்லீரல் இரண்டாம் கட்டத்துக்குப் போய்விட்டது என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். அடுத்தது சிரோசிஸ்தானா? இரவில் தூக்கமே வரவில்லை.*

இல்லை. தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்கேனில் எழுதும் கிரேடு கொழுப்புக்கானது. கட்டம் என்று மருத்துவர்கள் சொல்வது தழும்புக்கானது; தழும்பு முற்றிக் கல்லீரல் இறுகிப்போகும் கடைசிக் கட்டம்தான் சிரோசிஸ். இரண்டும் வேறு வேறு அளவுகோல்கள். கிரேடு 3 கொழுப்பு இருந்தும் தழும்பே இல்லாதவர்கள் உண்டு. கிரேடு 1 கொழுப்போடு முற்றிய சிரோசிஸ் உள்ளவர்களும் உண்டு.

ஸ்கேன் செய்பவர் எப்படி இந்த கிரேடைப் போடுகிறார் தெரியுமா? திரையில் கல்லீரலையும் அதன் அருகில் இருக்கும் வலது சிறுநீரகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார். சிறுநீரகத்தைவிடக் கல்லீரல் சற்று வெளுப்பாகத் தெரிந்தால் கிரேடு 1. வெளுப்பு கூடி, கல்லீரலுக்குள் ஓடும் ரத்தக் குழாய்களின் ஓரம் மங்கினால் கிரேடு 2. பின்பக்கமும் உதரவிதானமும் கண்ணுக்கே தெரியாமல் போனால் கிரேடு 3. கண்ணால் பார்த்து மதிப்பிடுவது என்பதால் இன்று ஒருவர் 1 என்பதை நாளை இன்னொருவர் 2 என்று எழுதலாம். கொழுப்பு 20 முதல் 30 சதவீதத்தைத் தாண்டினால்தான் சாதாரண ஸ்கேனில் தெளிவாகத் தெரியும். 5 சதவீதத்துக்கு மேல் செல்களில் கொழுப்பு இருந்தாலே அது ஃபேட்டி லிவர்தான். ஆகவே 'ஸ்கேன் நார்மல்' என்பதைக் கொழுப்பே இல்லை என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது.

தழும்பைப் பற்றித் தெரிந்துகொள்ள, உங்கள் கையில் இருக்கும் ரத்தப் பரிசோதனையை வைத்தே ஒரு கணக்குப் போடலாம். ஃபிப்-4 என்று பெயர். வயதை எஸ்ஜிஓடியால் பெருக்குங்கள் (எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் கல்லீரல் செல் பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் ஏறும் நொதிகள்). பிறகு பிளேட்லெட் எண்ணிக்கையை எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதல் விடையை இரண்டாம் விடையால் வகுத்தால் கிடைப்பதுதான் ஃபிப்-4. ஒருவருக்கு வயது 52, எஸ்ஜிஓடி 64, எஸ்ஜிபிடி 81, பிளேட்லெட் 1,80,000 என்று வைத்துக்கொள்வோம். 52-ஐ 64-ஆல் பெருக்கினால் 3328. 81-இன் வர்க்கமூலம் 9. பிளேட்லெட்டை ஆயிரங்களில், அதாவது 180 என்று எடுக்க வேண்டும். 180-ஐ 9-ஆல் பெருக்கினால் 1620. 3328-ஐ 1620-ஆல் வகுத்தால் 2.05. அறிக்கையில் 1.8 லட்சம் என்று இருப்பதை அப்படியே 1.8 என்று போட்டால் விடை நூறு மடங்கு பெருத்துவிடும். பலர் பதறுவது இந்த இடத்தில்தான்.

விடை 1.45-க்குக் கீழே வந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 3.25-க்கு மேல் போனால் வாய்ப்பு அதிகம். நடுவில் விழும் 2.05 போன்றவர்களுக்கு, கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் தேவை. இந்தக் கணக்கில் வயதும் சேர்வதால் 35 வயதுக்குக் கீழே இது அவ்வளவாக நம்பத் தகுந்தது அல்ல; 65-ஐத் தாண்டியவர்களுக்கோ காரணமில்லாமலே எண் கூடுதலாக வரும்.

*ஃபைப்ரோஸ்கேன் எடுத்தோம். 8.2 என்றும் 291 என்றும் இரண்டு எண்கள் வந்தன. 291 என்பதைப் பார்த்து என் வீட்டுக்காரர் மிகவும் கலங்கிவிட்டார்.*

8.2 என்பது கிலோபாஸ்கல்; கல்லீரலின் விறைப்பு, அதாவது தழும்புக்கான எண். 291 என்பது கேப் என்று சொல்லப்படும் கொழுப்புக்கான எண். அது 100-இல் தொடங்கி 400 வரை போகும் அளவுகோல். 291 என்றால் கொழுப்பு நன்றாகவே சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். ஹெபடைடிஸ் சி உள்ளவர்களுக்கு விறைப்பு 7-க்குக் கீழே இருந்தால் தழும்பு இல்லை அல்லது மிகக் குறைவு. 9.5-ஐ ஒட்டி வந்தால் முற்றிய தழும்பு. 12.5-ஐத் தாண்டினால் சிரோசிஸ் என்று சந்தேகிப்போம். உங்கள் கணவருடைய 8.2 நடுத்தரமான எண். கவனிக்க வேண்டியது, கலங்க வேண்டியதல்ல.

எண் சரியாக எடுக்கப்பட்டதா என்பதையும் பாருங்கள். குறைந்தது 3 மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் போயிருக்க வேண்டும். சாப்பிட்டவுடன் கல்லீரலுக்கு ரத்த ஓட்டம் கூடி விறைப்பு பொய்யாக ஏறும். அறிக்கையில் 10 அளவுகள் எடுத்ததாகவும், அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகின்றன என்பதைக் காட்டும் ஐக்யூஆர் விகிதம் 30 சதவீதத்துக்கு மேல் போகவில்லை என்றும் இருக்க வேண்டும். உடல் பருமனானவர்களுக்கு எக்ஸ்எல் என்ற பெரிய கருவிமுனை தேவைப்படும். சாதாரண முனையால் எடுத்தால் எண் தவறும். எஸ்ஜிபிடி பல மடங்கு ஏறியிருக்கும் நேரத்திலும், இதயம் பலவீனமாகிக் கல்லீரலில் ரத்தம் தேங்கும்போதும், பித்தநாளம் அடைபட்டிருக்கும்போதும் தழும்பு இல்லாமலே விறைப்பு கூடுதலாகக் காட்டும்.

*முதலில் எடையைக் குறைத்துக் கொழுப்பைக் கரைத்துவிட்டுப் பிறகு வைரஸ் மாத்திரையைத் தொடங்கலாம் என்று இருக்கிறேன். சரிதானே?*

வேண்டாம். மாத்திரையை உடனே தொடங்குங்கள். நீங்கள் சொல்வது இன்டர்ஃபெரான் ஊசி காலத்து யோசனை. அப்போது கல்லீரலில் கொழுப்பு இருந்தால் சிகிச்சை பலிக்கும் வாய்ப்பு உண்மையிலேயே குறைந்தது. எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள் என்று சொல்லியனுப்பினார்கள். இன்றைய மாத்திரைகளில் கொழுப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் குணமாகிறவர்கள் 95 சதவீதத்துக்கு மேல். வைரஸும் கொழுப்பும் சேர்ந்து இருக்கும் ஒவ்வொரு மாதமும் தழும்பு வேகமாக வளரும், பிற்காலத்தில் கல்லீரல் புற்றுநோய் வரும் ஆபத்தும் கூடும். எடைக் குறைப்பு கூடவே நடக்கட்டும்.

பொதுவாகத் தருவது சோஃபோஸ்புவிர் 400 மி.கி., வெல்படாஸ்விர் 100 மி.கி. இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று, 12 வாரம், மொத்தம் 84. வெல்படாஸ்விருக்குப் பதில் டக்லடாஸ்விர் 60 மி.கி. தரப்படுவதும் உண்டு. க்ளெகாப்ரெவிர்-பிப்ரென்டாஸ்விர் என்றால் மூன்று மாத்திரைகளை ஒன்றாக, சாப்பாட்டோடு, தினம் ஒரு வேளை, பெரும்பாலும் 8 வாரம். இது வயிற்றில் நீர் கோத்த நிலைக்கோ மஞ்சள் காமாலை கண்ட நிலைக்கோ போன சிரோசிஸில் கொடுக்கக் கூடாத மருந்து. ஜீனோடைப் 3-உம் சிரோசிஸும் சேர்ந்திருந்தால், ரிபாவிரின் என்ற மருந்தையும் சேர்ப்பதா என்று மருத்துவர் தனியாக யோசிப்பார்.

கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்கள் குறிப்பாக எங்கே தவறுகிறார்கள் என்றால், கூடவே சாப்பிடும் மற்ற மருந்துகளில். தொப்பை இருப்பவர்களுக்கு நெஞ்செரிச்சல் சகஜம். அதற்கு ஒமெப்ரசோல் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். வெல்படாஸ்விர் கரைந்து உடம்பில் சேர வயிற்று அமிலம் வேண்டும். அமிலத்தை அடக்கிவிட்டால் மருந்து வீணாகும், சிகிச்சையே தோற்கலாம். முடிந்தால் அந்த 12 வாரமும் ஒமெப்ரசோலை நிறுத்திவிடச் சொல்வோம். நிறுத்தவே முடியாதென்றால் 20 மி.கி.-க்கு மேல் போகாமல், வெல்படாஸ்விர் மாத்திரையை முதலில் சாப்பாட்டோடு எடுத்து, 4 மணி நேரம் கழித்து ஒமெப்ரசோல். அன்டாசிட் மாத்திரைக்கும் சிரப்புக்கும் முன்னும் பின்னும் 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

அடுத்தது கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் மருந்துகள். க்ளெகாப்ரெவிரோடு அட்டோர்வாஸ்டாடின் சேரவே கூடாது. வெல்படாஸ்விரோடு ரோசுவாஸ்டாடின் என்றால் 10 மி.கி.-யைத் தாண்டக் கூடாது. இதயத் துடிப்புக்கு அமியோடரோன் சாப்பிடுகிறவர் சோஃபோஸ்புவிர் எடுத்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமசெபின், ஃபெனிடாயின் மூன்றும் ஹெபடைடிஸ் சி மருந்தின் அளவை ரத்தத்தில் சரித்துவிடும். வீட்டில் இருக்கும் மருந்து அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். வாயால் சொல்லும்போது ஏதோ ஒன்று விட்டுப்போகும்.

தொடங்கும் முன் ஹெபடைடிஸ் பி பரிசோதனையும் கட்டாயம். சி வைரஸ் விலகியதும் அதுவரை அடங்கிக் கிடந்த பி வைரஸ் தலைதூக்கி, கல்லீரலைச் செயலிழக்க வைத்த சம்பவங்கள் உண்டு.

ஒருவேளை மறந்துவிட்டால், வழக்கமான நேரத்திலிருந்து 18 மணி நேரத்துக்குள் என்றால் நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளுங்கள். அதைத் தாண்டிவிட்டால் விட்டுவிட்டு, அடுத்த வேளையிலிருந்து தொடருங்கள். இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம்.

*அப்பாவுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. இன்சுலினும் க்ளிமெபிரைடும் எடுக்கிறார். ஹெபடைடிஸ் சி மாத்திரை தொடங்கி ஐந்து வாரம் ஆகிறது. விடியற்காலையில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்குகிறது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையா?*

அந்த நேரத்தில் சர்க்கரையைச் சோதித்துப் பார்த்தீர்களா? 70-க்குக் கீழே இருக்கும் என்பதே எங்கள் சந்தேகம். மாத்திரை வேலை செய்வதன் விளைவு இது. இன்சுலின் சொல்லும் கட்டளையைக் கல்லீரல் கேட்காதபடி வைரஸ் தடுத்துக்கொண்டிருந்தது. வைரஸ் சில வாரங்களிலேயே ரத்தத்திலிருந்து மறைய, கல்லீரல் கட்டளைக்கு மீண்டும் அடங்குகிறது. நேற்று வரை தேவைப்பட்ட அதே இன்சுலின் அளவு இன்று அதிகமாகிவிடுகிறது.

இப்போதைக்கு: வியர்வை, நடுக்கம் வந்தால் உடனே 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை கொடுங்கள், 15 நிமிடம் கழித்துத் திரும்பச் சோதியுங்கள், 70-ஐத் தாண்டாவிட்டால் இன்னொரு முறை கொடுங்கள். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். இன்றைக்கே அவருடைய சர்க்கரை மருத்துவரிடம் பேசி இன்சுலினையும் க்ளிமெபிரைடையும் குறைக்கச் சொல்லுங்கள். சிகிச்சை முடியும் வரை காலையில் வெறும் வயிற்றிலும் இரவு படுக்கும் முன்பும் தினம் சோதிக்க வேண்டும். ஹெபடைடிஸ் சி மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கும் இதேபோல அளவு மாறும்; ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் அடிக்கடி பார்க்க வேண்டும்.

*வைரஸ் போய்விட்டது என்று சொல்லி ஒரு வருடம் ஆகிறது. ஆனால் எஸ்ஜிபிடி இன்னும் 58. ஸ்கேனிலும் ஃபேட்டி லிவர் அப்படியே இருக்கிறது. போதாக்குறைக்கு, முன்பு நார்மலாக இருந்த எல்டிஎல் இப்போது 162. வைரஸ் திரும்பிவிட்டதா?*

மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து எடுத்த ஆர்என்ஏ பரிசோதனையில் வைரஸ் இல்லை என்று வந்திருந்தால் அது குணமானதுதான். தானாகத் திரும்புவது மிக அரிது. புதிதாக வேறு ரத்தத்தின் வழியாகத் தொற்றியிருக்க வாய்ப்பு இருந்தால் மட்டும் ஆர்என்ஏ ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆன்டிபாடி பார்ப்பதில் பயனில்லை. அது பாசிட்டிவாகவே இருக்கும், வீண் பயம்தான் மிஞ்சும்.

எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், ஏறியதில் புதிர் ஒன்றுமில்லை. முதல் கேள்விக்குச் சொன்ன அந்த அடைப்பு நீங்கிவிட்டது. கல்லீரல் மறுபடி பொட்டலம் கட்டி ரத்தத்துக்கு அனுப்பத் தொடங்கியிருக்கிறது. உங்களுக்கு இயல்பாக இருந்திருக்க வேண்டிய கொலஸ்ட்ராலை வைரஸ் இத்தனை நாளும் மறைத்து வைத்திருந்தது. வைரஸ் காலத்தில் 'கொலஸ்ட்ரால் நார்மல்' என்று ஸ்டாடினை ஒதுக்கியவர்கள் இப்போது இதய ஆபத்தைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். குணமான மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் கொலஸ்ட்ராலையும், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சியையும் ஒரு முறை பார்த்துவிடச் சொல்வோம். பலருக்கு இந்தப் பரிசோதனையை யாரும் எழுதிக்கொடுப்பதே இல்லை; நீங்களே கேட்டு வாங்குங்கள். கொழுப்புக் கல்லீரல் இருப்பது ஸ்டாடினுக்குத் தடையல்ல. 'கல்லீரல் கெட்டுவிடும்' என்று பயந்து ஸ்டாடினை நிறுத்தி, மாரடைப்பில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

எஸ்ஜிபிடி 58-க்கு வருவோம். பரிசோதனைக்கூடம் 40, 50 வரை நார்மல் என்று அச்சடித்திருக்கும். உண்மையில் ஆரோக்கியமான கல்லீரலில் ஆண்களுக்கு ஏறக்குறைய 33-க்குள்ளும், பெண்களுக்கு 25-க்குள்ளும் இருக்க வேண்டும். வைரஸ் போயும் இது இறங்கவில்லை என்றால் வேறு ஏதோ ஒன்று கல்லீரலைச் சுட்டுக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் அது எடையாலும் சர்க்கரையாலும் வந்த கொழுப்புதான். குடிப்பழக்கம், மருந்துகள், ஹெபடைடிஸ் பி, இரும்புச்சத்து மிகுதி ஆகியவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்து விலக்க வேண்டும். சிகிச்சை முடிந்த பிறகு உங்கள் எடை எவ்வளவு கூடியது என்று யோசித்துப் பாருங்கள். உடம்பு தேறிப் பசி நன்றாக எடுக்கும் காலம் அது. 'வியாதி போய்விட்டது, இனி நன்றாகச் சாப்பிடு' என்று வீட்டிலும் அள்ளி வைப்பார்கள். அப்படிக் கூடும் நான்கைந்து கிலோவே, வைரஸ் விட்டுப்போன வேலையை எடுத்துச் செய்யும்.

*அப்படியானால் என்னதான் சாப்பிடுவது? காபி குடிக்கலாமா? எப்போதாவது ஒரு பெக்?*

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாம். வைரஸ், கொழுப்பு, மது மூன்றும் ஒரே செல்லைத் தாக்குகின்றன. வைரஸ் போன பிறகும் தழும்பு மிச்சம் இருப்பவர்களுக்குப் 'பாதுகாப்பான அளவு' என்று ஒன்று கிடையாது.

காபி குடிக்கலாம். தினம் இரண்டு மூன்று கப் குடிப்பவர்களுக்குக் கல்லீரல் தழும்பு குறைவாக இருப்பது பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது, ஹெபடைடிஸ் சி உள்ளவர்களிடமும்கூட. சர்க்கரை போடாமல் குடித்தால்தான் இதைச் சொல்ல முடியும்.

சாப்பாட்டில் முதலில் கைவைக்க வேண்டியது எண்ணெயில் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நாங்கள் முதலில் கேட்பது இனிப்புப் பானங்களை. 300 மி.லி. குளிர்பானத்தில் ஏறக்குறைய 30 கிராம் சர்க்கரை, ஆறேழு தேக்கரண்டி. அதில் பாதி ஃபிரக்டோஸ். அதன் பெரும்பகுதி நேரே கல்லீரலுக்குப் போகும், மிஞ்சியது அங்கேயே கொழுப்பாக மாறும். பாட்டில் பழச்சாறும் இந்தக் கணக்கில்தான் சேரும். பழத்தைப் பழமாகவே சாப்பிடுங்கள். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு புரதம், மீதிக் கால் பங்கு மாவுச்சத்து என்று மாற்றினாலே பலருக்கு எடை இறங்கத் தொடங்கும்.

எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 80 கிலோ உள்ளவர் 4 கிலோ, அதாவது 5 சதவீதம் குறைத்தால் கல்லீரல் கொழுப்பு இறங்கத் தொடங்கும். 7 சதவீதம், அதாவது ஐந்தரைக் கிலோவைத் தாண்டினால் அழற்சியும் தணியும். 10 சதவீதம், 8 கிலோ இறங்கினால் தழும்பு பின்வாங்கவும் வாய்ப்பு உண்டு. வாரத்துக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை இறங்கினால் போதும். பட்டினி கிடந்து வாரம் இரண்டு கிலோ இறக்கினால், உடம்பின் மற்ற இடத்துக் கொழுப்பு மொத்தமாகக் கல்லீரலுக்குள் பாய்ந்து அழற்சி கூடும். வாரம் 150 நிமிடம் வேக நடை, இரண்டு நாள் தசைப் பயிற்சி. எடை இறங்காவிட்டாலும் பயிற்சியால் மட்டுமே கல்லீரல் கொழுப்பு ஓரளவு குறையும். அதனால் தராசு அசையவில்லை என்று நடையை விட்டுவிடாதீர்கள். ஒல்லியாக இருக்கும் ஜீனோடைப் 3 நோயாளி எடையைக் குறைக்க வேண்டியதில்லை. அவருக்கு மாத்திரைதான் மருந்து.

சிரோசிஸ் உள்ளவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. தசை கரைவதுதான் அவர்களுக்குப் பெரிய ஆபத்து. உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தினமும் வேண்டும். நீண்ட விரதம் கூடாது, இரவு படுக்கும் முன் சிறிது சாப்பிட வேண்டும்.

*கல்லீரலைச் சுத்தம் செய்யும் டானிக், சிலிமரின் மாத்திரை, வைட்டமின் ஈ இவையெல்லாம் எடுக்கலாமா?*

மூலிகைச் சத்தான சிலிமரினை ஹெபடைடிஸ் சி நோயாளிகளிடமே சோதித்துப் பார்த்தார்கள். 2012-இல் வெளியான ஆய்வில், வழக்கத்தைவிட அதிக அளவில் 24 வாரம் கொடுத்தும் எஸ்ஜிபிடி வெற்று மாத்திரையைவிட அதிகமாக இறங்கவில்லை. என்ன சேர்த்திருக்கிறது என்று தெளிவாக எழுதாத டானிக்குகளால் கல்லீரலே செயலிழந்து வந்தவர்கள் உண்டு, தொடாதீர்கள். வைட்டமின் ஈ 800 யூனிட் என்பது சர்க்கரை நோய் இல்லாத, திசுப் பரிசோதனையில் கொழுப்பு அழற்சி உறுதியான சிலருக்கு மட்டும். 'சத்துக்காக' இரும்பு மாத்திரையும், உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்க்காமல் வேண்டாம்.

*மாமியாருக்குச் சிரோசிஸ். ஹெபடைடிஸ் சி இரண்டு வருடத்துக்கு முன்பே குணமாகிவிட்டது. முன்பு கிரேடு 3 என்று இருந்த கொழுப்பு இப்போது கிரேடு 1. ஃபைப்ரோஸ்கேனும் 17-லிருந்து 11-க்கு இறங்கியிருக்கிறது. இனி ஸ்கேன் தேவையில்லைதானே?*

தேவை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை, தவறாமல். உங்கள் கேள்வியில் இரண்டு நல்ல எண்கள் இருக்கின்றன, இரண்டையும் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

சிரோசிஸ் முற்ற முற்றக் கல்லீரல் கொழுப்பு தானாகவே குறையும்; தழும்பு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எனவே சிரோசிஸ் உள்ளவருக்குக் கொழுப்பு இறங்கியதை மட்டும் வைத்து முன்னேற்றம் என்று சொல்ல முடியாது. உங்கள் மாமியாருக்கு வைரஸ் போனதால் இறங்கியிருக்கலாம். அல்புமின், பிளேட்லெட், பிலிரூபின் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் தெரியும். அவை மேம்பட்டிருந்தால் மகிழ்ச்சிதான். விறைப்பு 17-லிருந்து 11-க்கு வந்ததில் பெரும் பங்கு அழற்சி வடிந்ததால் வந்தது. தழும்பு கரைய வருடங்கள் ஆகும், சிலருக்கு முழுதாகக் கரைவதே இல்லை. குணமான பிறகு வரும் எண்ணை, 12.5-க்குக் கீழே வந்துவிட்டது என்று பழைய அளவுகோலில் வைத்துப் பார்த்துச் சிரோசிஸ் போய்விட்டதாக எழுதுவது தவறு.

புற்றுநோய் வரும் ஆபத்து வைரஸ் போனதும் வெகுவாகக் குறையும், ஆனால் சிரோசிஸ் இருந்தவர்களுக்குப் பூஜ்யமாகாது. கூடவே சர்க்கரையோ தொப்பையோ இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அல்ட்ராசவுண்டும், கல்லீரல் புற்றுநோயைத் தேடும் ஏஎஃப்பி ரத்தப் பரிசோதனையும். சின்னக் கட்டியாக இருக்கும்போதே பிடித்துவிட்டால் முழுதாக அகற்றிவிடலாம். நீங்கள் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு கூட்டிப் போங்கள். வலி வந்து காட்டும் நோய் அல்ல இது.

*வீட்டில் எல்லோருக்கும் இது ஒட்டிக்கொள்ளுமா? தட்டு, டம்ளரைத் தனியாக வைத்திருக்கிறோம்.*

அவற்றை ஒன்றாகவே வைத்துக்கொள்ளுங்கள்; அவரைத் தனித்துவிட வேண்டாம். கொழுப்புக் கல்லீரல் ஒட்டுவதே இல்லை. ஹெபடைடிஸ் சி ரத்தத்தின் வழியாகத்தான் பரவும். சேர்ந்து சாப்பிடுவதாலோ, கட்டிப்பிடிப்பதாலோ, இருமலாலோ பரவாது. தனியாக வைக்க வேண்டியவை ரேசர், பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி. சர்க்கரை சோதிக்கும் வீடுகளில் ஒன்றைக் கவனியுங்கள். ஒரே லான்செட் பேனாவை அப்பா, அம்மா இருவரும் பயன்படுத்துவது பல வீடுகளில் வழக்கம். ஊசியை மாற்றினாலும் பேனாவின் மூடியில் ரத்தம் ஒட்டியிருக்கும். ஆளுக்கொரு பேனா வைத்துக்கொள்ளுங்கள், பயன்படுத்திய ஊசிகளைக் கெட்டியான டப்பாவில் போட்டு மூடிவையுங்கள்.